கண்டியைப் படம்பிடிக்க வழிகாட்டி எதற்கு?

அதிகாலையில் கண்டி வாவிக்கரையில் நடக்கப் போகிறவர்கள் இப்படியொரு சோடியைக் கண்டிருப்பார்கள். மூன்று கால் தாங்கியையும் பெரிய கமராப் பையையும் தோளில் சுமந்தபடி ஒரு வெளிநாட்டவர். அவருக்கு இரண்டடி முன்னால், வெறுங்கையோடு, நம் ஊர்க்காரர் ஒருவர். ஊர்க்காரர் ஓரிடத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார், மணிக்கூட்டைப் பார்ப்பார், பிறகு "இன்னும் பத்து நிமிடம்" என்பார். வெளிநாட்டவர் பேசாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கொடுத்திருக்கிறார்.

இதைத் தனிப்பட்ட புகைப்படச் சுற்றுலா என்கிறார்கள். பஸ் நிறைய ஆட்களை ஏற்றி, தலதா மாளிகையில் இருபது நிமிடம், பேராதனைப் பூங்காவில் ஒரு மணித்தியாலம் என்று ஓடுகிற வழமையான சுற்றுலா வேறு. இதில் ஒருவர், அல்லது ஒரு குடும்பம். அவர்களுக்கென ஒரு வழிகாட்டி. பார்த்த இடங்களின் எண்ணிக்கை இங்கே கணக்கில் வராது. ஒரே இடத்துக்குக் காலையிலும் மாலையிலும் இரண்டு தடவை போவதும் உண்டு.

நம் வீடுகளில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும். கையிலே போன் இருக்கிறது, அமத்தினால் படம். இதற்கு ஒரு ஆளா? நானும் அப்படித்தான் கேட்டேன். வெளிநாட்டில் வாழும் என் மாமியின் மகள் விடுமுறையில் வந்து இப்படியொரு சுற்றுலாவுக்குப் பதிவு செய்தபோது, துணைக்குச் சாச்சாவும் நானும் போனோம். பிறந்ததிலிருந்து பார்த்த ஊர்தானே என்ற அலட்சியத்தோடு ஏறிய எனக்கு, அந்த வழிகாட்டி சொன்ன பல விடயங்கள் புதிது. அவற்றோடு பின்னர் வாசித்து அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

வழிகாட்டி விற்கும் முதற் பொருள் ஒளி. கண்டி ஒரு கிண்ணம், சுற்றிலும் மலை. சூரிய உதயம் ஆறு மணியை ஒட்டி என்று நாட்காட்டி சொன்னாலும், அந்த ஒளி மலையைத் தாண்டி வாவித் தண்ணீரைத் தொட இன்னும் நேரம் எடுக்கும். ஆனால் நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கில்தான் இருக்கிறோம். சூரியன் இங்கே சரிந்து ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நிமிர்ந்து ஏறுகிறது. ஐரோப்பாவில் கோடைகாலத்தில் நெடுநேரம் நீடிக்கும் அந்த மென்மையான பொன்னொளி நமக்குக் கொஞ்ச நேரந்தான். காலை ஒன்பது மணிக்கே வெயில் உச்சியை நோக்கிப் போய், முகங்களில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழத் தொடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் தேர்ந்த புகைப்படக்காரர்கூட இங்கே தடுமாறுவது இதனால்தான். கமராவை அவருக்குத் தெரியும். இந்த ஊர் வெயிலைத் தெரியாது.

இடத்துக்கு இடம் நேரம் மாறும். தலதா மாளிகையின் முகப்பு மேற்குப் பக்கம் பார்த்தது. எண்கோண மண்டபமான பத்திரிப்புவவை வெயில் பட்டு ஒளிரும்படி எடுக்க வேண்டுமென்றால் பிற்பகல்தான் நல்லது. வாவிக்கு மறுகரையில் ராஜபிகில்ல மாவத்தையிலுள்ள ஆர்தர்ஸ் சீட் என்ற உயரத்தில் நின்று நகரை எடுப்பதற்கு விடியற்காலை நல்லது; உடவத்தகெலே காட்டிலிருந்து மூட்டம் இறங்கி வரும். நடுப்பகலில் என்ன செய்வது? எங்கள் வழிகாட்டி அந்த நேரத்தில் எம்பக்க தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மரத்தூண்களில் செதுக்கிய அன்னமும் மல்லரும் யானையும் கூரையின் நிழலுக்குள் இருக்கின்றன. வெளியே வெயில் தகிக்கும்போது பக்கங்களால் உள்ளே வரும் ஒளி செதுக்கலின் பள்ளமேடுகளை எழுப்பிக் காட்டும். அதே வழியில் லங்காதிலக, கடலாதெனிய விகாரைகள். இரண்டும் கம்பளை இராச்சிய காலத்தவை, 1344இல் கட்டப்பட்டவை. கடலாதெனிய கல், லங்காதிலக செங்கல், எம்பக்க மரம் என்று மூன்று பொருளையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம்.

மழையும் அவருக்கு ஒரு தடையல்ல. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை கண்டிக்கு வழமை. மழை விட்ட கையோடு தெருவிளக்குகள் எரியும் வேளையில் நனைந்த தார் வீதியில் விளக்குகள் கண்ணாடிபோல் விழும். குடையைச் சாச்சாவிடம் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, கதை. இதை நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை அணைகட்டி வாவியாக்கினான் என்பதை எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் நகர மத்தியில், சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அருகே நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்க்கத்தான் நமக்கு அது பயன்பட்டது. விபத்தில் இறந்துபோன மகன் முஹம்மத் ஸக்கி இஸ்மாயில் நினைவாக, அவருடைய வாப்பா ஹாஜி முஹம்மத் இஸ்மாயில் ஊருக்குக் கட்டிக்கொடுத்தது அது. 1950 டிசெம்பரில் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க திறந்துவைத்தார். சிங்களவரான எங்கள் வழிகாட்டி இதைச் சொல்லி முடித்துவிட்டு, "இப்போது எடுங்கள் நங்கி" என்றார். என் மச்சி அதுவரை கோபுரத்தை மட்டும் சட்டத்துக்குள் வைத்திருந்தாள். கதை கேட்டபின் கொஞ்சம் பின்னால் போய், கீழே கடந்துபோகிற ஆட்களையும் சேர்த்து எடுத்தாள். ஒரு தகப்பன் ஊருக்குக் கொடுத்த மணிக்கூடு, அதன்கீழ் ஊர். படத்தில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பதைக் கமரா தீர்மானிப்பதில்லை. இடத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

இங்கே கமரா எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாணவியருக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. நம் கல்லூரி விழாக்களில் எடுக்கும் குழுப் படங்களை எடுத்துப் பாருங்கள். வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பர்தா. முகங்கள் மட்டும் இருண்டு போயிருக்கும். பிழை முகத்தில் இல்லை. கமராவின் ஒளிமானி, தன் முன்னால் உள்ள காட்சியின் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. எங்கும் வெள்ளையாக இருந்தால் "ஒளி கூடிப்போச்சு" என்று நினைத்து ஒளியைக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும், முகம் கறுக்கும். செய்ய வேண்டியது, கமராவில் ஒளியளவை ஒரு படி கூட்டுவது. போனில் என்றால் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, அருகே தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளுவது. தலதா மாளிகையின் வெண்சுவர், பஹிரவகந்தவின் வெள்ளைச் சிலை, காலை மூட்டம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். எசல பெரஹராவில் நேர்மாறு: எங்கும் இருட்டு, தீப்பந்தம் மட்டும் வெளிச்சம். கமரா "இருட்டாக இருக்கிறது" என்று ஒளியைக் கூட்டி, பந்தத்தை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். அங்கே குறைக்க வேண்டும். அத்தோடு ஆடுபவரும் யானையும் அசைவதால் மூடியின் வேகம் நூற்றிலொரு விநாடிக்குக் குறையக்கூடாது; குறைந்தால் எல்லாம் கலங்கிவிடும். அந்தக் கலங்கலையே வேண்டுமென்று எடுப்பவர்களும் உண்டு. பந்தம் சுழற்றுபவரின் கை தீ வட்டமாக விழும் படம் அப்படித்தான் வருகிறது.

இந்தக் கருவியின் வேர் நமக்கு அந்நியமானதல்ல. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிதாபுல் மனாழிர் என்ற நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கிரேக்கக் கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று விளக்கினார். சிறு துளையினூடாக இருட்டறைக்குள் வரும் ஒளியையும் ஆராய்ந்தார். கிரகணத்தின்போது அந்தத் துளை வழியே விழும் சூரியன் பிறை வடிவம் காட்டுவதைப் பற்றித் தனியாகவே எழுதினார். பேராதனைப் பூங்காவில் ஒரு மரத்தடியில் நின்று கீழே பாருங்கள். இலைகளின் இடைவெளி எந்த வடிவமாக இருந்தாலும் நிலத்தில் விழும் ஒளிப்பொட்டுகள் வட்டமாகவே இருக்கும். அவை ஒவ்வொன்றும் சூரியனின் படம். 2019 டிசெம்பர் 26 அன்று இங்கே பகுதிக் கிரகணம் தெரிந்த காலையில் மரநிழலைக் கவனித்தவர்களுக்கு அந்தப் பொட்டுகளெல்லாம் பிறையாக மாறியது தெரிந்திருக்கும்.

பேராதனைப் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரால் தொடங்கப்பட்டது. மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓட, 147 ஏக்கர். அங்கே படமெடுக்க நுட்பம் அதிகம் தேவையில்லை, பொறுமை வேண்டும். பனைவரிசைப் பாதையில் ஆட்கள் விலகும்வரை நிற்க வேண்டும். பெரிய அத்தி மரத்தின் அளவு தெரிய வேண்டுமானால், எதிர்மாறாக, ஓர் ஆளை அதன்கீழ் நிறுத்த வேண்டும். மரக்கிளையில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களை வானத்தின் பின்னணியில் கறுப்பு உருவங்களாக எடுக்கலாம்.

கண்டியில் கமரா புதிதாக வந்ததுமல்ல. ரயில் பாதை கண்டியை எட்டியது 1867இல். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே வந்து படம்பிடித்தவர் ஜோசப் லோட்டன். அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரிய இடிபாடுகளை 1870களின் தொடக்கத்தில் அரசாங்கத்துக்காகப் பதிவு செய்தவர். நோயுற்று நாடு திரும்பி அவர் இறந்த பின் கண்டியிலிருந்த அந்தப் படக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தியவர் அவருடைய மனைவி. பின்னர் சார்ல்ஸ் ஸ்கோவன் கண்டியில் படக்கூடம் வைத்தார். பேராதனைச் செடிகொடிகளை அவர் எடுத்த படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பெண்கள் கல்லூரி இதழில் சொல்லியே ஆக வேண்டிய இன்னொருவர் ஜூலியா மார்கரட் கமரூன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராதான் அவருடைய முதற் கமரா. அதன்பின் பன்னிரண்டு வருடத்துக்குள் டார்வின், டெனிசன் போன்றவர்களின் முகங்களை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும்படி எடுத்தார். நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் கோல்புறூக் – கமரூன் ஆணைக்குழுவின் கமரூன் இவருடைய கணவர்! 1875இல் இருவரும் இலங்கைக்குக் குடிவந்தனர். 1879 ஜனவரியில் டிக்கோயாத் தோட்டமொன்றில் ஜூலியா இறந்தார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. கண்டிக்கு வருபவர்கள் மலையேறிப் போய் அதையும் எடுத்து வருவதுண்டு.

இவரைப் பற்றி வாசித்தபோது ஒன்று உறுத்தியது. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர் இருக்கிறது. 1878இல் இங்கே எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. அதில் நிற்கும் ஆணும் பெண்ணும் யார், என்ன பெயர், பிள்ளைகள் எத்தனை? ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளர் படங்கள் எல்லாம் அப்படித்தான்: 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவர்'. ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' 1908இல் வந்தது. அதற்காகக் கண்டிக் கிராமங்களில் பல படங்களை எடுத்தவர் அவருடைய அப்போதைய மனைவி எதல். கமராவுக்குப் பின்னால் நின்ற இந்தப் பெண்களின் பெயரைத் தேடினால் கிடைக்கிறது. முன்னால் நின்ற நம் பெண்களின் பெயர் கிடைப்பதில்லை.

இது பழங்கதையல்ல. எங்கள் சுற்றுலாவின் பிற்பகலில் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைமலையொன்றில் கொழுந்து நிறுக்கும் நேரம் போய்ச் சேர்ந்தோம். மச்சி கமராவைத் தூக்கினாள். வழிகாட்டி கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். "முதலில் பேசுங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும், எனக்குத்தான் அது குறை" என்றார். பேசினோம். பெயர் கேட்டோம். அன்று எத்தனை கிலோ, காலையில் அட்டைக்கடி எப்படி, மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று போயிற்று பேச்சு. ஓர் அக்கா சிரித்துக்கொண்டே நின்று எடுக்கச் சொன்னார். இன்னொருவர் "வேணாம் தங்கச்சி" என்றார். வேண்டாம் என்றவர் படத்தில் இல்லை. வேறு சில இடங்களில் வெள்ளைக்காரருக்காக வெறும் கூடையோடு நின்று காசு வாங்கும் வழக்கம் வந்துவிட்டது என்று வழிகாட்டி சொன்னார். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகத்தைக் கொடுப்பவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமே! ஆனாலும் அப்படி எடுத்த படத்தில் வேலை இராது, வேடம்தான் இருக்கும்.

நமக்கு இது இன்னும் கிட்டத்துப் பிரச்சினை. முகம் தெரியப் படமெடுப்பதை விரும்பாத உம்மாமார், தாத்தாமார் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு வெளிநாட்டவர் சந்தையில் படமெடுத்தால் நமக்குக் கோபம் வரும். அதே மரியாதையை நாம் கொழுந்து பறிப்பவருக்கும், பூத்தட்டோடு பன்சலைக்குப் போகும் அம்மையாருக்கும் கொடுத்தாக வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சட்டம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பது இந்நாட்டில் பெரும் அவமதிப்பாகக் கொள்ளப்படும். 2012இல் சிலையை முத்தமிடுவதுபோல் படமெடுத்த பிரெஞ்சு நாட்டவர் மூவர் நீதிமன்றில் தண்டனை பெற்றனர். படத்தை அச்சிடக் கொடுத்த இடத்திலிருந்தே பொலிசுக்குத் தகவல் போயிருந்தது. 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல என்ற தொல்லியல் இடத்தில் தூபியின்மேல் நின்று எடுத்த படம் முகநூலில் பரவியதால், தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் எட்டுப்பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டு, அடுத்த மாதம் தண்டப்பணத்தோடு விடுவிக்கப்பட்டனர். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கல் குவியல் போல் தெரிவது ஒருவருக்கு வணக்கத்துக்குரிய இடமாக இருக்கும். அனுபவமுள்ள வழிகாட்டி இருந்தால், கால் வைக்குமுன் சொல்லிவிடுவார். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்கே தகும் என்பது என் எண்ணம். உடை பற்றிய விதியில் மட்டும் நமக்குச் சிக்கலில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்று வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நாம் நேரே உள்ளே போகலாம்.

ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உண்டு. ரயில் வாசலில் தொங்கியபடி எடுக்கும் படம் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அப்படி உயிரிழந்தவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது.

கடைசியாக, தொழில். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுவதற்கும் உரியவர், வாகனமோட்டியபடி வழிகாட்டுபவர், ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவர், ஓரிடத்துக்கு மட்டும் உரியவர் என்று வகைகள் உண்டு. சுற்றுலாவுக்குப் பதிவு செய்யுமுன் அந்த அட்டையைக் காட்டச் சொல்வதில் வெட்கப்படத் தேவையில்லை. இத்தொழிலில் பெண்கள் இன்னும் சொற்பம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசி, கொஞ்சம் அரபும் வாசிக்கத் தெரிந்த கண்டிப் பெண்ணொருத்தி, மத்திய கிழக்கிலிருந்து குடும்பமாக வருகிற பெண்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்! கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரைத் தேடி அலையாத குடும்பம் நம் அக்குறணையிலோ மாவனல்லையிலோ கம்பளையிலோ உண்டா? தேடுகிற கை நிறைய இருக்கிறது. கமரா பிடிக்கிற கைதான் குறைவு. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்கலாம்.

பழகுவதற்குப் பெரிய கமரா வேண்டாம். ஒரு சனிக்கிழமை, ஏழெட்டு மாணவியர், ஓர் ஆசிரியை, இரண்டு தாய்மார். காலை பூங்கா திறக்கும் நேரத்துக்கே பேராதனையில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்குப் பிறகு மரநிழலுக்குள் மட்டும் எடுங்கள். பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கண்டிக்குத் திரும்பி, நாலரை மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நில்லுங்கள். ஒவ்வொருவரும் பத்துப் படத்துக்குமேல் எடுக்கக்கூடாது. படத்தில் ஓர் ஆள் இருந்தால், அவர் சம்மதித்தாரா என்பதையும் அவர் பெயரையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.